ஆர்.வி.யில் சோலார், பேட்டரி: கேம்ப்கிரவுண்டுக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாங்கள் இருப்பது தெற்குக் கலிபோர்னியாவில். ஆர்.வி. எனப்படும் நடமாடும் வீடுகளில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வகை, 24 அடி டிரெய்லர் ஒன்று வைத்திருக்கிறோம். கூரையில் 200 வாட் பேனல் இரண்டு, கட்டிலுக்கு அடியில் 100 ஆம்ப்-அவர் கொள்ளளவுள்ள லித்தியம் பேட்டரி இரண்டு. பிறந்தநாள் விருந்தோ, கோயிலோ, தமிழ்ப் பள்ளி வாசலோ, எங்கே நின்றாலும் ஆர்.வி. எடுக்கப்போகும் யாராவது ஒருவர் வந்து இதே கேள்விகளைக் கேட்கிறார். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தட்டித் தட்டி விரல் ஓய்ந்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

ஆர்.வி.ல கரண்ட் எங்கேருந்து வருது? வீடு மாதிரி பிளக் எல்லாம் வேலை செய்யுமா?

ஆர்.வி.க்குள் இரண்டு விதமான வயரிங் ஓடுகிறது. ஒன்று 12 வோல்ட். விளக்கு, தண்ணீர் பம்ப், கூரை விசிறி, கேஸ் ஹீட்டரின் காற்றாடி, கேஸ் கசிந்தால் கத்தும் அலாரம் எல்லாம் இதில்தான் ஓடும். பேட்டரி இருக்கும்வரை இவை இருக்கும்.

இன்னொன்று 120 வோல்ட். சுவரில் இருக்கும் பிளக், மைக்ரோவேவ், ஏசி இதைச் சேர்ந்தவை. வெளியிலிருந்து கேபிள் செருகினாலோ, ஜெனரேட்டர் போட்டாலோ, பேட்டரியின் 12 வோல்ட்டை 120 ஆக மாற்றும் இன்வர்ட்டர் இருந்தாலோதான் இவற்றுக்கு உயிர் வரும். முதல் தடவை போகிறவர்கள் பலர், விளக்கு எரிகிறது, போன் சார்ஜர் மட்டும் ஏன் வேலை செய்யவில்லை என்று குழம்புவது இதனால்தான்.

கேம்ப்கிரவுண்டுலயே கரண்ட் குடுப்பாங்களே, அப்புறம் சோலார் எதுக்கு?

கொடுக்கும் இடமும் உண்டு, கொடுக்காத இடமும் உண்டு. தனியார் ஆர்.வி. பார்க்குகளில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கம்பத்தில் 30 ஆம்ப் அல்லது 50 ஆம்ப் பிளக் இருக்கும். இதைத்தான் ஹூக்கப் என்கிறார்கள். 30 ஆம்ப் என்றால் 3,600 வாட், 50 ஆம்ப் என்றால் 12,000 வாட். பெயரைப் பார்த்து இரண்டுக்கும் கொஞ்சம்தான் வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். 50 ஆம்ப் பிளக்கில் இரண்டு 120 வோல்ட் லைன்கள் வருகின்றன.

ஹூக்கப் இருந்தால், 120 வோல்ட்டை 12 ஆக மாற்றும் கன்வர்ட்டர் டிரெய்லரிலேயே இருக்கிறது, அதுவே பேட்டரியையும் சார்ஜ் செய்துவிடும். அங்கே சோலார் தேவையே இல்லை. ஆனால் நாம் ஆசைப்பட்டுப் போகும் தேசியப் பூங்காக்களில் பெரும்பாலும் ஹூக்கப் கிடையாது. யோசெமிட்டியின் எந்தக் கேம்ப்கிரவுண்டிலும் இல்லை, ஜோஷுவா ட்ரீயிலும் இல்லை. கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில் டிரெய்லர் வில்லேஜில் உண்டு, அதே ஊருக்குள் இருக்கும் மேதர் கேம்ப்கிரவுண்டில் இல்லை. புக் செய்யும்போதே பார்த்துவிடுங்கள்.

எத்தனை வாட் பேனல் வாங்கணும்? சட்டுன்னு ஒரு நம்பர் சொல்லுங்க.

எல்லாரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது உங்கள் செலவை. ஒரு நாளைக்கு எவ்வளவு கரண்ட் செலவு என்று தெரியாமல் பேனல் வாங்குவது, எத்தனை பேர் சாப்பிட வருகிறார்கள் என்று தெரியாமல் உலை வைப்பது போல.

ஆம்ப்-அவர் கணக்கு பலரைக் குழப்பும். எனக்கு எளிதாக இருப்பது நம்மூர் ஈ.பி. பில்லில் வரும் அதே யூனிட் கணக்குதான். 1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். நாங்கள் நாலு பேர் கோடைக்காலத்தில் ஒரு நாளைக்குச் செலவழிப்பது இப்படி: 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் 0.7, கூரை விசிறி 0.2, போன்களும் லேப்டாப்பும் 0.2, விளக்கு 0.1, மிக்ஸி போன்ற சில்லறை 0.1, பம்ப் 0.05, சும்மா இருந்தாலும் தின்னும் அலாரம், ரேடியோ வகையறா 0.15. மொத்தம் ஒன்றரை யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் அல்லவா? அதை நாளுக்குப் பிரித்தால் சுமார் 1.6 யூனிட் வரும். நாங்கள் அதற்குள் குடும்பம் நடத்துகிறோம். வேலையையும் ரோட்டிலேயே பார்க்கிறவர் என்றால் சாட்டிலைட் இன்டர்நெட்டுக்கான ஸ்டார்லிங்க் டிஷ்ஷைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரண டிஷ் 50 முதல் 100 வாட் வரை இழுக்கும், எட்டு மணி நேரம் வைத்தால் அரை யூனிட்டுக்கு மேலேகூடப் போகலாம்.

400 வாட் பேனல் போட்டா 400 வாட் வருமா?

வராது. கூரையில் தட்டையாகப் படுத்திருக்கும் பேனல், சூடேறியிருக்கும் பேனல், மேலே தூசி, வயரில் இழப்பு. நல்ல கோடை நண்பகலில் எங்கள் 400 வாட்டிலிருந்து 300 வந்தால் சந்தோஷம். அரிசோனா, தெற்குக் கலிபோர்னியா பக்கம் கோடையில் நல்ல வெயில் ஆறு மணி நேரத்துக்குச் சமமாகக் கிடைக்கும். அப்போது ஒரு நாளைக்கு 1.8 யூனிட் தேறும். மேலே சொன்ன ஒன்றரை யூனிட் செலவுக்கு அது போதும்.

டிசம்பரில் கதையே வேறு. அரிசோனாவில் குவார்ட்ஸைட் என்று ஒரு பாலைவன ஊர் இருக்கிறது. குளிர்காலத்தில் அதைச் சுற்றி ஆர்.வி.க்கள் புற்றீசல் போல வந்து இறங்கும். அங்கேகூட டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 33 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும். தட்டையாகக் கிடக்கும் பேனல் மேல் வெயில் சாய்வாக வழுக்கிக்கொண்டு போகும். அதனால்தான் அங்கே பலர் ஏணி போட்டு ஏறி, பேனலின் ஒரு பக்கத்தைத் தூக்கி, தெற்கே பார்க்கச் சாய்த்து வைத்திருப்பார்கள். சாய்க்காவிட்டால் எங்கள் 400 வாட் அப்போது 0.9 யூனிட் கொடுத்தாலே பெரிது. சியாட்டில் பக்கம் டிசம்பரில் போகிறவர்கள் சோலாரை நம்பவே வேண்டாம்.

பேட்டரி எது நல்லது? டீலர் குடுத்ததே போதாதா?

டீலர் கொடுப்பது பெரும்பாலும் ஒரே ஒரு லெட் ஆசிட் பேட்டரி. ஹூக்கப்பில் நிற்கிறவருக்கு அது போதும். லெட் ஆசிட்டைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் வேகமாகக் குறையும். அதனால் 100 ஆம்ப்-அவர் என்று எழுதியிருந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது 0.6 யூனிட்தான். அதே அளவு லித்தியம் பேட்டரியில் 1.28 யூனிட் இருக்கும், ஏறக்குறைய முழுவதையும் எடுக்கலாம், எடையும் பாதிக்கும் குறைவு. இங்கே லித்தியம் என்று சொல்வது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையை. போனில் இருக்கும் வகை வேறு.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் வருடம் டிசம்பரில் ஜோஷுவா ட்ரீயில் ஜம்போ ராக்ஸ் கேம்ப்கிரவுண்டுக்குப் போனோம். டிரெய்லரோடு வந்த அந்த ஒற்றை பேட்டரிதான். கேஸ் சிலிண்டர் இரண்டும் நிறைய இருக்கிறது, ஹீட்டர் ராத்திரி முழுக்க ஓடும் என்று நிம்மதியாகப் படுத்தோம். மூன்று மணிக்குக் குளிரில் முழிப்பு வந்தது. ஹீட்டர் காற்றாடி மூச்சு வாங்குவது போல மெல்லச் சுற்றி நின்றுவிட்டது. சுவிட்சைப் போட்டால் விளக்கு பழுத்த மஞ்சளில் முணுமுணுக்கிறது. கேஸ் இருந்து என்ன பயன், அந்தச் சூட்டை அறைக்குள் தள்ளும் காற்றாடி பேட்டரியில் அல்லவா ஓடுகிறது? அது சுமார் 90 வாட் இழுக்கும். குளிர் ராத்திரியில் பாதி நேரம் ஓடினாலும் விடிவதற்குள் அரை யூனிட் போய்விடும். மிச்ச ராத்திரியை நாலு பேரும் ஒரே கட்டிலில் ஜாக்கெட்டோடு கழித்தோம். ஊர் திரும்பியதும் முதல் வேலையாக லித்தியம் வாங்கினேன்.

பழைய பேட்டரியை எடுத்துட்டு லித்தியத்தை வெச்சா வேலை முடிஞ்சுதா?

இடத்தில் உட்காரும். ஆனால் பழைய கன்வர்ட்டர் லெட் ஆசிட்டுக்காகச் செய்தது. பல கன்வர்ட்டர்கள் 13.6 வோல்ட்டோடு நின்றுவிடும். லித்தியம் பேட்டரி முழுதாக நிரம்ப 14.2 முதல் 14.6 வோல்ட் வரை வேண்டும். கன்வர்ட்டரை மாற்றாவிட்டால் ஆபத்து இல்லை, பேட்டரி முழுதாக நிறையாது, அவ்வளவுதான். பேனலிலிருந்து பேட்டரிக்கு ஏறும் கரண்டைக் கட்டுப்படுத்தும் சோலார் கன்ட்ரோலரின் அமைப்பையும் லித்தியத்துக்கு மாற்ற மறக்க வேண்டாம்.

ஆபத்து இருப்பது பியூஸ் விஷயத்தில். லித்தியத்தில் ஷார்ட் ஆனால் பாயும் கரண்ட் பயங்கரமானது. சாதாரண பியூஸ் உருகிய பிறகும் உள்ளே பொறி பறந்து கரண்ட் தொடரலாம். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ‘கிளாஸ் டி’ (Class T) பியூஸ் போடுங்கள். 2,000 வாட் இன்வர்ட்டர் முழு வேகத்தில் 12 வோல்ட்டிலிருந்து 180 ஆம்ப் அளவுக்கு இழுக்கும். அதற்குக் கட்டைவிரல் தடிமனில் செம்புக் கேபிள் வேண்டும், அதுவும் எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டையாக. யூடியூப் பார்த்து எல்லாம் செய்யலாம். இந்த ஒரு இணைப்பை மட்டும் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு ஆன் செய்யுங்கள்.

பேட்டரி நிறைய இருந்தா ஏசி போடலாமா?

எங்கள் அமைப்பில் போட முடியாது. சாதாரண 13,500 பிடியூ கூரை ஏசி ஓடும்போது 1,300 முதல் 1,600 வாட் வரை இழுக்கும். எங்கள் இரண்டு பேட்டரியும் சேர்ந்து இரண்டரை யூனிட். ஒன்றரை மணி நேரத்தில் காலி, அதன் பிறகு விளக்குக்கும் வழியில்லை. சோலாரிலேயே ஏசி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கூரை முழுக்க ஆயிரம் வாட்டுக்கு மேல் பேனலும் பத்து யூனிட் பேட்டரியும் வைத்திருப்பார்கள். காசு கொட்டத் தயார் என்றால் செய்யலாம். ஜூலையில் பாலைவனத்துக்குப் போகிற நாட்களில் ஹூக்கப் உள்ள இடத்துக்கு வாடகை கொடுப்பது எவ்வளவோ மலிவு. நாங்கள் ஜூலையில் மலைக்குப் போய்விடுகிறோம்.

மிக்ஸி ஓடுமா? ரைஸ் குக்கர்? அம்மா வர்றாங்க, தோசை இல்லாம முடியாது.

இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குக் களைப்பே வராது. விதி ஒன்றுதான்: சூடாக்கும் வேலை கேஸுக்கு, சுற்றும் வேலை பேட்டரிக்கு. மிக்ஸி 550 வாட் என்று பயமுறுத்தும், ஆனால் சட்னிக்கு மூன்று நிமிடம்தான். 0.03 யூனிட்கூட ஆகாது. கிரைண்டர் இன்னும் சாது. 150 வாட்டில் 40 நிமிடம் ஓடினாலும் 0.1 யூனிட்தான். ரைஸ் குக்கர் அரை மணி நேரத்தில் 0.3 யூனிட் விழுங்கிவிடும். இன்டக்‌ஷன் அடுப்பு வேண்டவே வேண்டாம். குக்கரையும் இட்லிப் பானையையும் கேஸ் அடுப்பில் ஏற்றிவிடுங்கள்.

மிக்ஸிக்கு இரண்டு எச்சரிக்கை. ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்ஸி இங்கே ஓடாது, 110 வோல்ட் மாடல் வேண்டும். அடுத்தது இன்வர்ட்டர். மோட்டார் கிளம்பும் நொடியில் அதன் வாட்டைப் போல இரண்டு மூன்று மடங்கு கேட்கும். என் முதல் இன்வர்ட்டர் 600 வாட், அதுவும் கரண்டைக் கரடுமுரடான அலையாகக் கொடுக்கும் மலிவான மாடிஃபைடு சைன் வகை. மிக்ஸியைத் திருகியதும் ஜாரில் தேங்காய் அரை சுற்று சுற்றியது, உர்ர் என்று ஒரு உறுமல், இன்வர்ட்டர் மூன்று முறை பீப் அடித்து அணைந்தது. மறுபடி போட்டால் மறுபடி பீப். என் அம்மா ஜாருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “அம்மிக்கல்லையே தூக்கிட்டு வந்திருக்கலாம்” என்றார். வீட்டுக் கரண்ட் போலச் சீரான அலை கொடுக்கும் பியூர் சைன் வகையில் 1,500 அல்லது 2,000 வாட் வாங்குங்கள். அப்புறம் ஒன்று: கரண்ட் இருக்கிறது என்பதற்காக விடிகாலையில் மிக்ஸி போடாதீர்கள். பக்கத்துக் கூடாரத்தில் ஆள் தூங்குகிறார்.

இன்வர்ட்டரை எப்பவும் ஆன்லயே விட்டுடலாமா?

வேண்டாம். பெரிய இன்வர்ட்டர் எதுவும் செருகாமல் சும்மா இருந்தாலே 20 வாட் அளவுக்குத் தின்னும். 24 மணி நேரத்தில் அது அரை யூனிட். எங்கள் ஒரு நாள் செலவில் மூன்றில் ஒரு பங்கு! போனை 12 வோல்ட் யூஎஸ்பி சாக்கெட்டில் போடுங்கள், மிக்ஸி வேலை முடிந்ததும் இன்வர்ட்டரை அணையுங்கள்.

டிரெய்லரின் பெரிய பிளக்கையே இன்வர்ட்டர்ல செருகிட்டா எல்லா பிளக்கும் வேலை செய்யுமே?

செய்யும். கூடவே ஒரு கூத்தும் நடக்கும். டிரெய்லர் தனக்கு வெளியிலிருந்து கரண்ட் வருகிறது என்று நம்பி, கன்வர்ட்டரைக் கிளப்பி பேட்டரியை சார்ஜ் செய்யத் தொடங்கும். அதாவது பேட்டரி தன்னையே சார்ஜ் செய்ய முயன்று, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக வீணாக்கும். கேஸிலும் கரண்டிலும் ஓடும் பழைய வகை ஃப்ரிட்ஜ் ‘ஆட்டோ’ மோடில் இருந்தால் அதுவும் கரண்டுக்கு மாறி 300 வாட்டுக்கு மேல் இழுக்கும். அப்படிச் செருகத்தான் வேண்டும் என்றால் முதலில் கன்வர்ட்டரின் பிரேக்கரை அணையுங்கள், ஃப்ரிட்ஜை கேஸில் வையுங்கள்.

மரத்தடியில நிறுத்தினா குளுகுளுன்னு இருக்கும், ஆனா சோலார் போயிடுமே?

ஆமாம், இரண்டில் ஒன்றுதான். கிளை நிழல் பேனலின் ஒரு மூலையில் விழுந்தாலே உற்பத்தி விகிதக் கணக்கை மீறி விழுந்துவிடும். ஒரு பேனலுக்குள் செல்கள் சங்கிலி போலத் தொடராகக் கோக்கப்பட்டவை. ஒரு கண்ணி தளர்ந்தால் அந்த வரிசையே தளரும்.

இதற்காகவே நாங்கள் மடித்து வைக்கும் 200 வாட் சூட்கேஸ் பேனல் ஒன்றும் வைத்திருக்கிறோம். டிரெய்லர் நிழலில், பேனல் 30 அடி தள்ளி வெயிலில். காலையில் கிழக்கே, மத்தியானம் தெற்கே, சாயங்காலம் மேற்கே என்று பையன் திருப்பி வைப்பான். சாய்த்து வைத்த அந்த 200 வாட் பேனல், நிழல் விழுந்த கூரைப் பேனல்களை எளிதாக முந்திவிடும். சைக்கிள் பூட்டுக் கம்பி ஒன்றால் மேசைக்காலோடு பூட்டி வையுங்கள்.

நல்ல வெயில், பேனல்ல தூசிகூட இல்ல, ஆனா ஆப்ல 0 வாட் காட்டுது. பேனல் போச்சா?

முதலில் பேட்டரி எத்தனை சதவீதம் என்று பாருங்கள். நூறு என்றால் ஒன்றும் போகவில்லை. நிறைந்த குடத்தில் கன்ட்ரோலர் மேற்கொண்டு ஊற்றாது. ஒரு விசிறியைப் போடுங்கள், வாட் உடனே ஏறும். இதைப் பார்த்துப் பதறி எனக்குப் போன் செய்தவர்கள் இதுவரை ஐந்து பேர்.

பேட்டரி காலியாகவும் இருந்து, வெளியே உறைபனியும் என்றால் காரணம் வேறு. 0 டிகிரி செல்சியஸுக்கு, அதாவது 32 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே லித்தியத்தை சார்ஜ் செய்தால் செல் கெட்டுவிடும். அதனால் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று சார்ஜைத் தடுத்துவிடும். கரண்ட் எடுக்கலாம், ஏற்ற முடியாது. எங்கள் பேட்டரியைக் கட்டிலுக்கு அடியில் வைத்ததற்குக் காரணம் இதுதான். டிரெய்லரின் மூக்கில் வெளியே வைக்க வேண்டியிருந்தால் உள்ளேயே சூடேற்றும் வசதி உள்ள பேட்டரி வாங்குங்கள்.

வண்டி ஓடும்போது பேட்டரி சார்ஜ் ஆயிடும்னு சொல்றாங்களே?

டிரெய்லர் என்றால் காரிலிருந்து வரும் ஏழு பின் பிளக்கில் ஒரு சார்ஜ் வயர் உண்டு. மெல்லிய வயர், நீண்ட தூரம். சில ஆம்ப்தான் வந்து சேரும், அதையும் ஓடும் ஃப்ரிட்ஜ் குடித்துவிடும். தனியாகக் கேபிள் இழுத்து, காரின் கரண்டை டிரெய்லர் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் டிசி-டிசி சார்ஜர் போட்டால் 30 ஆம்ப் வரை வரும். நாலு மணி நேரப் பயணத்தில் ஒன்றரை யூனிட் ஏறும். மழை நாட்களில் எங்களைக் காப்பாற்றியது பேனல் இல்லை, இதுதான்.

ஜெனரேட்டர் ஒண்ணு வெச்சுக்கிட்டா இவ்வளவு தலைவலி எதுக்கு?

யோசெமிட்டியிலும் ஜோஷுவா ட்ரீயிலும் ஜெனரேட்டருக்கு நேரம் உண்டு: காலை 7 முதல் 9, பகல் 12 முதல் 2, மாலை 5 முதல் 7. சில பகுதிகளில் ஜெனரேட்டரே கூடாது. ராத்திரி மூன்று மணிக்கு ஹீட்டர் நின்றால் அதைத் தொடக்கூட முடியாது. மூன்று நாள் மேகம் மூடினால் பேட்டரியை நிரப்ப நல்ல துணை. எங்களிடமும் 2,200 வாட்டில் ஒன்று இருக்கிறது, போன வருடம் இரண்டு தடவை எடுத்தேன்.

நாங்க வாடகைக்கு எடுக்கப்போறோம். பவர் ஸ்டேஷன் வாங்கினா போதுமா?

போதும், அதுதான் சரி. பவர் ஸ்டேஷன் என்றால் பேட்டரியும் இன்வர்ட்டரும் ஒரே பெட்டியில் இருப்பது. ஈகோஃப்ளோ, ஜாக்கரி, ப்ளூட்டி போன்ற பிராண்டுகளில் ஒரு யூனிட் அளவுள்ள ஒன்று போன், லேப்டாப், மிக்ஸிக்குத் தாராளம். வாடகை வண்டியின் வயரிங்கைத் தொட வேண்டியதில்லை. வண்டியை வாடகைக்கு எடுக்கும்போதே அதில் சொந்தமாக எத்தனை பேட்டரி, ஜெனரேட்டருக்கு மணிக்கு எவ்வளவு காசு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சோலாருக்கு டாக்ஸ் கிரெடிட் உண்டாமே?

இருந்தது. படுக்கை, சமையல், கழிப்பறை வசதியுள்ள ஆர்.வி.யை வீடாகக் கணக்கில் காட்டி 30 சதவீத மத்திய வரிச் சலுகை எடுத்தவர்கள் உண்டு. 2025 ஜூலையில் வந்த சட்டப்படி, 2025 டிசம்பர் 31-க்குப் பின் செய்யும் செலவுக்கு அது கிடையாது.

அப்பாவுக்கு ராத்திரி சிபாப் மெஷின் வேணும். ஹூக்கப் இல்லாத இடத்துக்குக் கூட்டிட்டுப் போகலாமா?

தாராளமாக. சிபாப் என்பது தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் இருக்கக் காற்றைச் செலுத்தும் மெஷின். ஆனால் வீட்டில் ஒரு ராத்திரி ஒத்திகை பார்த்துவிட்டுப் போங்கள். மெஷின் மட்டும் 30 வாட் அளவில்தான் இழுக்கும், எட்டு மணி நேரத்துக்கு கால் யூனிட். ஈரப்பதத்துக்காகத் தண்ணீரைச் சூடாக்கும் பகுதியும் சூடேறும் குழாயும் ஆனில் இருந்தால் அது இரண்டு மூன்று மடங்காகும். டாக்டரிடம் கேட்டுவிட்டு, முடிந்தால் அவற்றை அணையுங்கள். அந்த மெஷினுக்கென்றே 12 வோல்ட் கேபிள் விற்கிறது. அதை வாங்கினால் இன்வர்ட்டர் தேவையில்லை.

குளிர்காலம் என்றால் ஹீட்டர் காற்றாடியின் அரை யூனிட்டும் இதோடு சேரும். அதனால் பொழுது சாயும்போது பேட்டரி 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நான் அன்றைக்குப் பிள்ளைகளின் டிவியை நிறுத்திவிடுவேன். எங்கள் அப்பாவின் மெஷினுக்குத் தனியாகச் சின்னப் பவர் ஸ்டேஷன் ஒன்றையும் நிரப்பி அவர் தலைமாட்டில் வைத்துவிடுவேன். ஜம்போ ராக்ஸில் அவரும் எங்களோடு இருந்தார்.